பூங்கா யாருக்கு? கேட்கப்படாத குரல்கள்



விடியற்காலை ஐந்தரை மணிக்கு நம் பகுதிப் பூங்காவின் கதவு திறக்கிறது. முதலில் வருபவர்கள், மருத்துவர் நடக்கச் சொன்னதால் வரும் பெரியவர்கள். பத்து மணிக்கு ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குச் செல்லும் முன் சற்று நேரம் மரநிழலில் அமர்கிறார் ஒரு சகோதரி. நண்பகலில் வண்டியை நிறுத்திவிட்டு, அடுத்த ஆர்டர் வரும்வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் உணவு கொண்டுசெல்லும் இளைஞர். மாலையில் பந்தும் பட்டாளமுமாகச் சிறுவர்கள் வருகிறார்கள். இரவு எட்டு மணிக்கு, ஒற்றை அறை வீட்டில் மனம்விட்டுப் பேச இடமில்லாத கணவனும் மனைவியும் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள்.

ஒருநாள் காலையில் அந்தப் பூங்காவைச் சுற்றித் தகரத் தடுப்பு எழுகிறது. 'மேம்பாட்டுப் பணி நடைபெறுகிறது' என்று ஒரு பலகை தொங்குகிறது. என்ன மேம்பாடு? யாருக்கு? எத்தனை நாளைக்கு? திறக்கும்போது கட்டணம் உண்டா? காவலாளியிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது. மேலே சொன்ன ஐந்து பேரில் ஒருவரைக்கூட யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், ஏரிகள், சரணாலயங்கள் ஆகியவற்றின் எதிர்காலத்தை யார் தீர்மானிப்பது என்பதே இன்றைய சிந்தனைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள். சிறிய காரியம்போலத் தோன்றலாம். ஆனால் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே கதவு திறக்கும் இடங்கள் நம் நகரங்களில் வெகு சிலவே எஞ்சியிருக்கின்றன என்பதை நினைவில் கொள்வோம்.

முடிவு முதலில், கேள்வி பிறகு

2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் சென்னையில் நடந்த ஒரு நிகழ்ச்சி நமக்கு நல்ல பாடம். மாநகராட்சிக்குச் சொந்தமான ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. விளையாட வருகிறவர் ஒரு மணி நேரத்திற்கு 120 ரூபாய் செலுத்த வேண்டும் என்ற செய்தியும் வெளியானது.

வடசென்னையில் கால்பந்து என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. வியாசர்பாடி போன்ற பகுதிகளில் அது பிள்ளைகளைத் தவறான கூட்டத்திலிருந்து காத்து, பள்ளியிலும் வேலையிலும் கரைசேர்க்கும் தோணி. நாள்தோறும் ஒரு மணி நேரம் விளையாடும் ஒரு சிறுவனுக்கு மாதம் 3,600 ரூபாய் கட்டணம் என்றால், கூலி வேலை செய்யும் தந்தையால் அதைக் கொடுக்க முடியுமா? எல்லாத் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களுக்குள் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது.

மக்களின் குரல் வென்றது என்று மகிழ்வது நியாயமே. ஆயினும் ஆழ்ந்து நோக்கினால் ஒரு வருத்தமும் மிஞ்சுகிறது. திடல்களைப் பராமரிக்கப் பணம் வேண்டும் என்ற மாநகராட்சியின் சிக்கல் உண்மையானது. செயற்கைப் புல் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். விளக்குக்கு மின்கட்டணம் உண்டு. காவலாளிக்குச் சம்பளம் உண்டு. இதை முதலிலேயே விளையாட்டு வீரர்களிடமும் பெற்றோரிடமும் பயிற்சியாளர்களிடமும் சொல்லி, 'என்ன செய்யலாம்?' என்று கேட்டிருந்தால் வேறு வழிகள் பிறந்திருக்கக்கூடும். நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கும் இரவு நேரத்திற்கு மட்டும் கட்டணம் வைக்கலாம். உள்ளூர்க் குழுவிடம் பராமரிப்பை ஒப்படைக்கலாம். கேட்காமல் முடிவெடுத்ததால் ஒரு தீர்மானம் வந்தது, ஒரு போராட்டம் வந்தது, தீர்மானம் போனது. பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சட்டம் நமக்குத் தந்திருப்பது என்ன?

'நம்மை யார் கேட்பார்கள்?' என்று நம்மில் பலர் சலித்துக்கொள்கிறோம். ஆனால் கேட்க வேண்டும் என்று சட்டமே பல இடங்களில் சொல்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கவென்றே 1959-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் உள்ள இத்தகைய இடங்களை வரைபடத்துடன் பட்டியலிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, ஒரு நகரத்தின் முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கும்போது வரைவை வெளியிட்டு, குறைந்தது இரண்டு மாதம் பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் எழுத்துமூலம் பெற வேண்டும்.

பெரிய மனைப்பிரிவுகளுக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் ஒரு விதி உண்டு. மனையின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலைகள் நீங்கலாக அதில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். 'ஓ.எஸ்.ஆர். நிலம்' என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். நம் தெருமுனையில் முட்புதர் மண்டிக் கிடக்கும் 'பூங்கா இடம்' பெரும்பாலும் இப்படி வந்ததே. அது காலி மனை அல்ல. நமக்கெல்லாம் உரியதாக எழுதிக் கொடுக்கப்பட்ட சொத்து.

இவற்றுக்கெல்லாம் மேலாக, 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்றது. கிராமங்களுக்குக் கிராமசபை உண்டு. நகரத்தாருக்கு அப்படி ஒரு சபை நெடுங்காலம் இல்லை. 2022-ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வகுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடின. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, பூங்கா எனத் தெருவின் குறைகளைத் தெருக்காரரே பேசும் இடம் அது. நம்மில் எத்தனை பேர் அங்கே சென்றோம்? நம் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் எத்தனை பேர் கேட்டோம்?

பெங்களூரு தந்த பாடம்

நல்ல நோக்கத்திற்காகப் பூங்காவை எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் கடினமானது. பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம் ஆகிய பணிகளை நாமும் செய்கிறோம் அல்லவா?

பெங்களூருவில் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த இடத்தை, ஒரு தனியார் அறக்கட்டளை மருத்துவமனை கட்டுவதற்காக அரசு மாற்றிக் கொடுத்தது. குடியிருப்போர் நீதிமன்றம் சென்றனர். முதலில் தனி நீதிபதி அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் அவர்கள் வென்றனர். 1991-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மருத்துவமனை நல்லதுதான்; ஆயினும் அனைவருக்கும் பொதுவாக ஒதுக்கிய திறந்தவெளியை ஒரு தனியார் அமைப்பிடம் ஒப்படைக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். பூங்கா பறிபோவதை எதிர்த்து வழக்காட அப்பகுதி மக்களுக்கு உரிமை உண்டு என்பதையும் அது ஏற்றுக்கொண்டது.

நோயாளிக்கு மருந்து தேவை. ஆனால் நோய் வராமல் காக்கும் நடைபாதையும் நிழலும் தேவை. ஒரு நன்மைக்காக மற்றொரு நன்மையைப் பலி கொடுக்கும்போது, பலியாவது யாருடைய நன்மை என்று பார்க்க வேண்டும். மருத்துவமனைக்கு வேறு நிலம் கிடைக்கும். வீடுகள் நெருங்கிவிட்ட பகுதியில் போன பூங்காவுக்கு வேறு இடம் கிடைக்காது.

வேடந்தாங்கல் மக்களின் காவல்

சரணாலயங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். வேடந்தாங்கல் ஏரியின் பறவைகளை வேட்டைக்காரர்களிடமிருந்து காப்பாற்றித் தரும்படி அவ்வூர் மக்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், 1798-இல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களுக்கு உரிமைச் சாசனம் வழங்கினார் என்பது வரலாறு. வனத்துறையும் வனவிலங்குச் சட்டமும் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே அம்மக்கள் காவலர்களாக இருந்தார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை என்ற கட்டுப்பாட்டை இன்றும் காத்து வருகிறார்கள்.

1998-இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-இல் அதன் வெளிப்புறப் பகுதியைச் சரணாலய எல்லையிலிருந்து விலக்கும் யோசனை எழுந்தபோது, மாநிலமெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இருநூறு ஆண்டுகளாகப் பறவைகளைக் காத்த மக்களே இந்த நிலத்தின் முதல் நிபுணர்கள். அவர்களைக் கலந்துபேசாமல் வரைபடத்தில் கோடு போடுவது அறிவுடைமை ஆகாது. அதே வேளையில், சரணாலய எல்லைக்குள் வீடும் வயலும் வைத்திருப்போருக்குக் கட்டுப்பாடுகளால் வரும் சிரமங்களையும் கேட்டறிய வேண்டும். கேட்பது என்றால் நமக்குப் பிடித்த பதிலை மட்டும் கேட்பது அல்ல.

மற்ற நாடுகள் எப்படிக் கேட்கின்றன?

நியூசிலாந்து நாட்டில் பூங்காக்களுக்கும் ஒதுக்கு நிலங்களுக்குமென 1977-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி ஒரு பூங்காவுக்கு மேலாண்மைத் திட்டம் தயாரிக்கும் முன்பே, 'திட்டம் எழுதப் போகிறோம், உங்கள் யோசனை என்ன?' என்று மக்களுக்கு அறிவிப்பார்கள். வரைவு எழுதிய பின் மறுபடியும் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தந்து கருத்துக் கேட்பார்கள். கருத்து அனுப்பியவர் விரும்பினால் நேரில் வந்து பேசவும் இடம் உண்டு. வெள்ளைத் தாளிடம் ஒரு முறை, எழுதிய தாளிடம் ஒரு முறை என இரண்டு முறை கேட்கிறார்கள். நம்மிடம் பெரும்பாலும் நடப்பது மூன்றாம் முறை மட்டுமே; அதாவது அடிக்கல் நாட்டிய பிறகு.

ஜெர்மனியின் பெர்லின் நகரில் டெம்பெல்ஹோஃப் விமான நிலையம் 2008-இல் மூடப்பட்டு, 300 ஹெக்டேருக்கும் பெரிதான அதன் திடல் 2010-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் ஓரங்களில் வீடுகள் கட்ட நகர அரசு விரும்பியது. 2014 மே 25 அன்று வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 64 சதவீதத்தினர் திடல் முழுவதும் திறந்தவெளியாகவே இருக்கட்டும் என்றனர். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பெர்லினில் வாடகை ஏறி, ஏழைகள் வீடு கிடைக்காமல் தவிக்கும் நிலையில், அங்கே வீடு கட்டலாமா என்ற பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. திடல் வேண்டும் என்பவர்களும் நியாயமானவர்கள். வீடு வேண்டும் என்பவர்களும் நியாயமானவர்கள். ஒருமுறை கேட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது என்பதற்கு இது சான்று.

கூட்டத்திற்கு வராதவர்கள்

இப்போது நம்மை நாமே சற்றுச் சோதித்துப் பார்ப்போம். கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் யார் வருகிறார்கள்? வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு வரக்கூடியவர்கள்: ஓய்வு பெற்றவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தார். நம் பங்கில் முன்வரிசையில் அமரும் பலரும் அவர்களில் உண்டு. அவர்கள் அக்கறை உள்ளவர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் கேட்பது என்ன? நடைபாதை, அலங்காரச் செடி, உயரமான சுற்றுச்சுவர், காவலாளி. 'சிறுவர்கள் பந்து விளையாடக் கூடாது', 'வெளியாட்கள் படுத்து உறங்கக் கூடாது', 'சுண்டல் வண்டி வரக் கூடாது', 'மதியம் பூட்டிவிட வேண்டும்'.

பந்து விளையாடும் சிறுவனும், மரநிழலில் அமரும் வேலைக்காரப் பெண்மணியும், சுண்டல் விற்கும் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்களை அரசும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆக, பூங்காவைக் கட்டடக்காரரிடமிருந்து காப்பாற்றிவிட்டு, ஏழையிடமிருந்தும் காப்பாற்றிவிடுகிறோம்.

2024 அக்டோபரில் சென்னை கதீட்ரல் சாலையில் சுமார் ஆறு ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. அழகிய பூங்கா. பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய் என நுழைவுக் கட்டணம் வைக்கப்பட்டது. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் உள்ளே செல்ல 300 ரூபாய். பராமரிப்புச் செலவு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தினக்கூலிக் குடும்பம் ஒன்றிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால், கட்டணமில்லா நாள் ஒன்றையாவது வாரத்தில் வையுங்கள் என்று அது சொல்லியிருக்காதா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில் இதையே சுட்டிக்காட்டினார். நகரங்களில் வசதியானவர்கள் வாழும் பகுதிகளில் பசுமை பேணப்படுவதையும், சமூகம் ஒதுக்கிவைத்தோர் வாழும் மறைவான பகுதிகளில் அது இல்லாமற் போவதையும் அவர் வேதனையுடன் குறிப்பிட்டார். நகரத் திட்டமிடலில் அங்கு வாழ்வோரின் கண்ணோட்டம் சேர வேண்டும் என்றும், சுற்றுச்சூழலைப் பாதிக்கும் திட்டங்களைப் பற்றிய உரையாடலில் உள்ளூர் மக்களுக்குத் தனி இடம் தரப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

நம் முன் உள்ள ஒரு வாய்ப்பு

சென்னை கிண்டியில் குதிரைப் பந்தய மைதானம் இருந்த சுமார் 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை ரத்து செய்து, 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அதைத் தன்வசப்படுத்தியது. அடுத்த மாதமே அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கும் அறிவிப்பு வந்தது. வெள்ள நீரைத் தேக்கக் குளங்கள் வெட்டும் பணியும் அங்கே மேற்கொள்ளப்பட்டது. குத்தகை தொடர்பான வழக்குகளும் நடந்தன. வழக்கின் போக்கு நீதிமன்றத்தின் காரியம். நாம் கேட்க வேண்டியது வேறு. நகரத்தின் நடுவில் இத்தனை பெரிய நிலம் பொதுமக்களுக்கு என்று வரும்போது, அதன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதை யார் வரைவார்கள்? மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகும் வேளச்சேரிவாசிகள், அருகே மைதானம் இல்லாத பள்ளிகளின் பிள்ளைகள், சக்கர நாற்காலியில் வருவோர் ஆகியோருக்கெல்லாம் சொல்ல ஏதாவது இருக்கும். இயற்கை நீர்நிலை வேண்டுமா, கண்ணாடி மேம்பாலமும் இசை நீரூற்றும் வேண்டுமா என்பது ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய காரியங்களை விட்டுவிட்டு, நம் தெருவிலிருந்து தொடங்குவோம்.

1. நம் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைப் பார்ப்போம். பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் எங்கே, அது உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டுள்ளதா என்று அறிவோம். கேட்டால் தராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு போதும்.

2. பகுதி சபை கூடும் நாளை அறிந்து தவறாமல் செல்வோம். சொல்வதை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குவோம். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். மனு கோப்பில் நிற்கும்.

3. அன்பியக் கூட்டத்தில் ஒருமுறை இதை எடுத்துப் பேசுவோம். கூட்டத்திற்கு வர இயலாதோரின் வீட்டிற்குச் சென்று, பிள்ளைகளிடமும் பெண்களிடமும் முதியவர்களிடமும், 'நம் பூங்காவில் உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டு எழுதுவோம். கழிப்பறை வேண்டும் என்று பெண்கள் சொல்வார்கள். விளக்கு வேண்டும் என்று மகள்கள் சொல்வார்கள். பந்து விளையாட மூலையில் ஓர் இடம் வேண்டும் என்று பையன்கள் சொல்வார்கள். இவை எதுவும் அரண்மனை கட்டும் செலவு அல்ல.

4. நம் ஆலய வளாகத்தையும் எண்ணிப் பார்ப்போம். நெருக்கமான பகுதிகளில் எஞ்சியிருக்கும் ஒரே மைதானம் பல இடங்களில் ஆலயத்தினுடையதோ நம் பள்ளியினுடையதோதான். அதில் வணிக வளாகம் எழுப்பலாமா, வாகன நிறுத்தம் ஆக்கலாமா என்ற பேச்சு வரும்போது, பங்குப் பேரவையின் சில பேர் மட்டும் முடிவெடுக்கிறோமா, மாலையில் அங்கே விளையாட வரும் பிற சமயப் பிள்ளைகளின் பெற்றோரையும் ஒரு வார்த்தை கேட்கிறோமா? அரசிடம் நாம் எதிர்பார்ப்பதை நம் வளாகத்தில் நாமே செய்து காட்டினால், நம் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

அன்பார்ந்தவர்களே, நாம் இருக்கும் நகரத்தை நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லப் போகிறோம். கட்டடங்களை அவர்கள் விரும்பினால் இடித்து வேறு கட்டிக்கொள்வார்கள். ஆனால் இன்று நாம் இழக்கும் ஒரு திடலையோ ஏரிக்கரையையோ அவர்கள் எந்த விலை கொடுத்தும் திரும்பப் பெற இயலாது. எனவே அடுத்த முறை தகரத் தடுப்பு எழும் முன், அந்தக் கடைசி இருக்கையில் அமரும் கணவன் மனைவியையும் சேர்த்து எல்லோரும் கேட்கப்பட்டார்களா என்று கேட்போம். அப்படிக் கேட்கும் முதல் ஆள் நாமாக இருப்போம்.

சிந்தனைக்கு:

- என் தெருவின் பூங்கா இடம் எது என்று எனக்குத் தெரியுமா?
- அங்கே யார் வருவதை நான் விரும்புவதில்லை? ஏன்?
- என் ஊரின் பொது இடத்தைப் பற்றிக் கடைசியாக நான் யாரிடம் கருத்துக் கேட்டேன்?